கடைசிப் பக்கத்துச் சிவப்புக் கட்டம்

நேற்றுச் சாயங்காலம் உன் மகள் செண்பகம் வந்து ஒரு காகிதக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நாலாக மடித்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருஷமாகியும் அந்த கியர் ஆயில் வாசனை போகவில்லை. கந்தகமும் கருகின எண்ணெயும் கலந்த அதே நாற்றம். முதல் தாளின் ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை குங்குமச் சிவப்பில் பதிந்திருக்கிறது. உன் கையெழுத்துகூட இப்போது என்னிடம் இல்லை. இது இருக்கிறது.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்த காலத்தில் எழுத என்ன அவசியம்? தென்காசித் தபாலாபீசில் நான், மேலகரத்தில் நீ. சைக்கிளை எடுத்தால் கால் மணி நேரம். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன், ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். உனக்கு வாசித்துக் காட்டியது இந்தத் தாளை மட்டும்தான். அதையும் முழுசாக வாசிக்கவில்லை.

எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தோம். அப்புறம் நீ பட்டாளத்துக்கு வண்டி ஓட்டப் போனாய், நான் தந்தி குமாஸ்தா ஆனேன். நீ திரும்பி வந்து, சண்டை முடிந்து ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றை வாங்கிவந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. முன் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கிற பாகம் அதில் எப்போதோ போய்விட்டிருந்தது. பின் சக்கரம் இழுத்தால்தான் உண்டு. சீசனில் தென்காசி ஸ்டேஷனிலிருந்து அருவிக்கு ஆள் ஏற்றுவாய். மற்ற மாதங்களில் ஐந்தருவிக்கு மேலே இருக்கிற கிராம்புத் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோவாய்.

வண்டியில் எந்தச் சத்தம் கேட்டாலும் உனக்கு ஒரே வைத்தியம்தான். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குவாய். கோமதியை ஸ்டீரிங்கில் உட்காரவைத்து, கியரைப் போட்டு கிளச்சை விடச் சொல்லுவாய். தூக்கின சக்கரம் அந்தரத்தில் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் அசையாது, வண்டியும் அப்படியே நிற்கும். நீ அடியில் படுத்துக் காதைக் கொடுத்துக் கேட்பாய். அந்தக் காலத்தில் எல்லா டிரைவர்களும் செய்ததுதான் இது. ஆனால் பெண்டாட்டியை உட்காரவைத்துச் செய்தவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். "கோமதி கால் வெண்ணெய்லே, இவ எடுக்கிற மாதிரி எந்த டிரைவரும் கிளச்சை எடுக்க மாட்டான்" என்று என்னிடம் பீற்றிக்கொள்வாய். அவள், "நல்லாத்தான் புகழுதீக, முதல்ல அடுப்புக்கு விறகு கொண்டாங்க" என்பாள்.

நீ போவதற்கு முந்தின சாரலில் நடந்ததை நீ மறக்கவே இல்லை. கிராம்பு மரத்திலிருந்து விழுந்த தோட்டக்காரர் ஒருவரை ஜீப்பில் கிடத்திக்கொண்டு வந்தாய். முதுகு ஒடிந்திருந்தது, மூச்சு இருந்தது. ஓடை தாண்டுகிற இடத்தில் வலது பின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. கல் போட்டாய், தழை போட்டாய், கடைசியில் உன் வேட்டியையே அவிழ்த்துப் போட்டாய். ஒரு மணி நேரம் கழித்து வண்டி ஏறியபோது அந்த மனுஷன் இல்லை. மறுநாள் என் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னாய். "ஒரு சக்கரம் சேத்துல கிடந்து சுத்துது. இன்னொண்ணு நல்ல பாறை மேல சும்மா நிக்குது. நடுவுல கிடந்து ஒரு உசிரு போகுதுலே. அந்தச் சும்மா நிக்கிற சக்கரத்தை நான் விடப்போறதில்ல."

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. நீதான் மண்ணில் குச்சியால் கோடு கிழித்து விளக்கினாய். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவில் அச்சின் வயிற்றில் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. டிஃபரன்ஷியல் என்று பெயர். வண்டி வளையும்போது ஒரு சக்கரம் அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் சுற்ற அதுதான் இடம் கொடுக்கிறது. ஆனால் சேற்றில் மாட்டினால், வழுக்குகிற சக்கரத்துக்கே முழுச் சுற்றையும் கொடுத்துவிட்டு மற்றதைக் கைவிட்டுவிடும். அமெரிக்காவில் புது மாதிரி ஒன்று வந்திருக்கிறது, உள்ளே தகடு தகடாக அடுக்கியிருப்பான், ஒரு சக்கரம் வழுக்கினால் அந்தத் தகடுகள் இறுகிப் பிடித்து இன்னொரு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் என்றாய். பட்டாளத்துக்காரன் யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறான்.

அது உனக்குக் கிடைத்ததுதான் விதி என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு விதி மேலே பழியைப் போடுகிற உரிமை கிடையாது. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன துரை அதைத் தன் ஜீப்புக்காக வரவழைத்து, பெட்டியைப் பிரிக்காமலே போட்டுவிட்டுப் போயிருந்தார். புது முதலாளிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. "இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, தூக்கிட்டுப் போ" என்றார். நயா பைசா புழக்கத்துக்கு வந்து ரெண்டு வருஷம் இருக்கும். வைகாசி மாதம். சாரல் தொடங்க இன்னும் மூன்று வாரம். பெட்டிக்குள் அந்தச் சாமானோடு எட்டுப் பக்க இங்கிலீஷ் தாள் இருந்தது. "நீ வாசி, நான் பூட்டுதேன்" என்றாய்.

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து நான் வந்தபோது ஜீப்பின் பின்பக்கத்தை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, சக்கரம் இரண்டையும் கழற்றிப் போட்டிருந்தாய். அச்சை உருவி, பெட்டியின் மூடியைத் திறந்து, பழைய கறுப்பு எண்ணெயை ஒரு வாளியில் பிடித்துவைத்திருந்தாய். கோமதி நட்டையும் போல்ட்டையும் அரிசி களைகிற மாதிரி மண்ணெண்ணெயில் களைந்து, பழைய சேலைத்துணியில் வரிசையாக வைத்தாள். செண்பகத்துக்கு அப்போது ஒன்பது வயசு. ஆடு மாதிரி குறுக்கே வருகிறாள் என்று அவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள்.

பழைய பெட்டியிலிருந்து கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதுசில் மாட்டினாய். பல்லில் செந்தூரம் தடவி உருட்டிப் பார், எங்கே அழிகிறதோ அங்கேதான் பல்லும் பல்லும் பொருந்துகிறது என்று தாளில் போட்டிருந்தது. செந்தூரத்துக்கு எங்கே போக? கோமதி உள்ளே போய்த் தன் குங்குமச் சிமிழை எடுத்துவந்து விளக்கெண்ணெயில் குழைத்துக் கொடுத்தாள். "பல்லுக்குப் பொட்டு வச்சுப் பாக்கீகளாக்கும்" என்றாள். நீ சிரித்துக்கொண்டே தடவினாய். உருட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சிவந்த விரலோடு தாளைத் திருப்பினாய். அந்த ரேகைதான் இது.

இனி வருவதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

என் வேலை உனக்குத் தெரியும். இங்கிலீஷில் தந்தி வரும். வாங்கினவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆபீஸ் வாசலில் வைத்து நான்தான் சொல்லுவேன். சாவு என்றால் முதலில் "உடம்புக்கு முடியலையாம்" என்று மட்டும் சொல்லி, அவர்கள் உட்கார்ந்த பிறகு மிச்சத்தைச் சொல்லுவேன். எதைச் சொல்வது, எதை விடுவது, எதை எப்போது சொல்வது என்பதெல்லாம் என் கையில் இருந்தது. இரக்கம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு மிதப்பும் இருந்தது. நான் வாயைத் திறக்கிற வரைக்கும் எதிரே நிற்கிறவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான் இல்லையா, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலும் அப்படித்தான் வாசித்தேன். ஒரு வரியைத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். பேரிங்கை அடித்து இறக்குவதற்கு முன்னால் அதற்கடியில் மெல்லிய வளையத் தகடுகள் போட வேண்டும் என்ற வரி. நீ பேரிங்கை இறக்கிய பிறகு தகடுகள் மிச்சமாகித் துணியில் கிடந்தன. திரும்ப நெம்பி எடுக்க அரை நாள் போயிற்று. உன் முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்துச் சொன்னாய்: "ஏலே, இது தந்தி இல்ல. நாலு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நாலு வார்த்தையை விடாத. உன்னையெல்லாம் ஆபீசுல எப்படி வச்சிருக்கான்?"

கோமதி சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. நீ சொன்னது நியாயம், அவள் சிரித்தது கள்ளமில்லாத சிரிப்பு. எனக்குத்தான் உச்சந்தலை வரைக்கும் சுட்டது. அதற்குப் பிறகு நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. கவனித்திருந்தால் முதுகில் ஒரு தட்டு தட்டி, "என்னலே மூஞ்சிய தூக்கி வச்சிருக்க" என்று கேட்டிருப்பாய், அதோடு முடிந்திருக்கும். உன் கவனமெல்லாம் வண்டிக்குள் இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் மூடியைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, சக்கரங்களை மாட்டினாய். நான் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தேன். அதில் ஒரு சிவப்புக் கட்டம். கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் மூன்று வரி. வாசித்தேன். நன்றாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'ஆபத்து' என்கிற வார்த்தைக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே நீ கேட்டாய்: "வேற ஏதும் இருக்காலே?"

"அவ்வளவுதான்" என்றேன்.

ஏன் என்று இந்தப் பத்து வருஷத்தில் எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. உனக்குக் கெடுதல் வர வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. நாளைக்குச் சாயங்காலம் வருவேன், நீ ஓட்டிப் பார்த்துவிட்டு ஏதாவது சந்தேகம் கேட்பாய், அப்போது "நாலு வார்த்தையை விடுற ஆளுட்ட கேக்குறியே" என்று ஒரு குத்து குத்திவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் உன்னைக் காக்கவைக்க ஆசைப்பட்டேன். என் புத்தி அந்த உயரம்தான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேலகரத்து ஆள் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஆபீசுக்குள் ஓடிவந்தார். நான் வந்து சேர்ந்தபோது உன்னை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள்.

கோமதி சொல்லித்தான் மற்றது தெரியும். காலையில் ஐந்தருவி வரை போய்விட்டுச் சந்தோஷமாக வந்தாயாம். ஓடையில் வேண்டுமென்றே ஒரு சக்கரத்தைச் சேற்றில் இறக்கி, மாடு மாதிரி ஏறி வருகிறது என்று சொல்லிச் சொல்லி மாளவில்லையாம். பின்னால் மட்டும் சின்னதாக ஒரு முனகல் கேட்டதாம். வழக்கம்போல வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இந்தத் தடவை அதைக் கழற்றியும் வைத்துவிட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து, அடியில் போய்ப் படுத்தாய். கோமதியை உட்காரச் சொன்னாய். "மெல்ல எடு" என்றாய். அவள் எடுத்தாள். தரையில் இருந்த இடது சக்கரம் இனிமேல் சும்மா நிற்கிற சக்கரம் இல்லை. அதைச் சும்மா நிற்கவிடாமல் செய்தது நாம் இரண்டு பேரும்தான். அது இழுத்தது. ஜீப் கல்லைத் தாண்டி முன்னால் பாய்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, அச்சு உன் நெஞ்சில் இறங்கியது.

ஊருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "பொம்பளைய ஸ்டீரிங்குல உக்கார வச்சான், அவ காலைச் சட்டுனு எடுத்துட்டா" என்றது. பந்தலில் வைத்தே சொன்னார்கள், அவள் காதுபடச் சொன்னார்கள். முதலில் அவள், "எப்பவும் போலத்தான எடுத்தேன்" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னாள். நாலைந்து நாளில் அதைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். கூடப்பிறந்தவன் இல்லாத குறைக்கு அவள் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள் என்பது உனக்குத் தெரியும். "அண்ணாச்சி, அந்தத் தாள்ல இதைப் பத்தி ஏதும் போட்டிருந்தா?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி. ஒண்ணும் போடல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப என் கால்தான்" என்றாள்.

முதல் நாள் சொல்லாமல் விட்டது கோபத்தில் செய்தது. அதற்கு ஒரு நாள் ஆயுசு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது சொன்னது பயத்தில் சொன்ன பொய், அது பத்து வருஷம் ஓடியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் காலை அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். என் பேரை நான் காப்பாற்றிக்கொண்டேன்.

தாளை நான் அந்த வீட்டில்தான் விட்டுவிட்டு வந்திருந்தேன். எங்கே என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மண்ணெண்ணெய் பட்ட காகிதம், அடுப்பில் போட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜீப்பை விற்றார்கள். கோமதி ரோட்டோரம் இட்லிக் கடை போட்டாள். செண்பகத்தை ஹைஸ்கூலில் சேர்க்க, பாளையங்கோட்டையில் காலேஜுக்கு மனு எழுத என்று எல்லாவற்றுக்கும் நான் போய் நின்றேன். மாதம் ஒரு தடவையாவது போவேன். போனால் சுக்குக் காப்பி தருவாள். பேசும்போது கிளச்சை மிதித்த அந்த இடது காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். அந்தக் காலை வெளியே விட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குங்குமச் சிமிழ் மாடத்தில் ஒரு மூலையில் இருந்தது. விளக்கெண்ணெய் காய்ந்து மூடி ஒட்டிப்போயிருந்தது.

கடைசி இரண்டு வருஷம்தான் காலை நீட்டி உட்கார்ந்தாள். வாயு பிடித்திருக்கும், மடக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கென்ன தெரியும்.

மாசியில் அவளும் போய்விட்டாள். மஞ்சள் காமாலை. நாலு நாள்தான்.

நேற்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. செண்பகம் குடையை மடக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் நெற்றி அவளுக்கு. என் வீட்டுக்காரி காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனாள். துணியைப் பிரித்து நான் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா உங்கட்ட குடுக்கச் சொன்னா மாமா" என்றாள். "இவ்வளவு நாளும் அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்தா. ரெண்டு வருசத்துக்கு முன்னால நான் லீவுக்கு வந்திருக்கும்போது எடுத்து, இங்கிலீசுதான படிக்க, இதை வாசின்னா. ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னா."

"கேட்டுட்டு என்ன சொன்னா?"

"ரொம்ப நேரம் காலை நீட்டி, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. பொறவு சொன்னா, மாமா வாசிக்க மறந்திருப்பாவ, இதைப் போய்க் கேட்டுடாத, மனுசன் தாங்க மாட்டாவன்னு."

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் எனக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூட முகம் மாறவில்லை. உனக்கு வாய்த்தவள் அப்படிப்பட்டவள். நீ அதைக் கொஞ்ச நாள்தான் அனுபவித்தாய்.

செண்பகம் விரலால் நாற்காலிக் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "வருசம் திரும்புறதுக்குள்ள முடிச்சிடணும்னு பெரியம்மா வீட்டுல ஆவணியில கல்யாணம் வச்சிருக்காவ. தாய்மாமனா நீங்கதான் நிக்கணும், அதுவும் அம்மா சொன்னதுதான்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஆபீஸ் வாசலில் தந்தியைக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "மறந்துதான போச்சு மாமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆவணியில் மாலையும் பட்டும் எடுத்துக்கொண்டு போய் நின்றிருப்பேன். கோமதியே எனக்காக அந்தப் பொய்யை வாசல் வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் தாண்டி உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

"மறக்கல தாயி" என்றேன். "வாசிச்சேன். உங்கப்பா கேட்டான். அவ்வளவுதான்னு சொன்னேன்." மற்றதையும் சொன்னேன். பேரிங்கு, நீ சொன்ன சொல், அவள் அம்மா சிரித்தது, பதினாறாம் நாள் சொன்னது, எல்லாம். ஒரு வார்த்தை விடவில்லை.

அவள் அழவில்லை. "அப்பாட்ட சொல்லாததைக்கூட விடுங்க. அம்மாட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றாள். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போனாள். காப்பியைத் தொடவில்லை. அதன் மேல் ஆடை படிந்து சுருங்குகிற வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை வருமா என்று தெரியாது. வந்தால் போவேன். வராவிட்டால் அவள் செய்தது சரி.

நீ போன பிறகு ஆபீஸில் நான் தந்தி வாசிக்கிற விதம் மாறிவிட்டது. எந்த ஊரில் கொடுத்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதிலிருந்து ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறேன். "ஆளு இருக்கா இல்லையா, அதைச் சொல்லும் முதல்ல" என்று கத்துகிறார்கள். கிறுக்கன் என்றுகூடப் பேர். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உன் குரல் கேட்கிறது. கையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாய். வேற ஏதும் இருக்காலே என்கிறாய். அந்தக் கேள்வியைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இருக்கிறது. எட்டாவது பக்கம் இருக்கிறது. தாளை இப்போது என் முன்னால்தான் விரித்து வைத்திருக்கிறேன். வாசிக்கிறேன், கேட்டுக்கொள்.

"ஆபத்து. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, கியரைப் போட்டு எஞ்சினை ஓட்டாதே. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை இழுத்துச் செல்லும். இரண்டு சக்கரங்களையும் தரையை விட்டுத் தூக்கிய பிறகே ஓட்டிப் பார்."

அவ்வளவுதான்.